சிரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 41. பள்ளியில் கணக்கு ஆசிரியை. இரண்டரை வருடங்களுக்கு முன் ஒரு சாலை விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டு வேலைக்குத் திரும்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தேன். 'எப்பவும் சிரிச்ச முகம்' என்று எல்லாரும் சொல்வார்கள். காலைப் பற்றி யாராவது வாய் திறப்பதற்குள் நானே ஒரு ஜோக் அடித்துவிடுவேன்.

மூன்று மாதத்துக்கு முன் பள்ளி வராந்தாவில் பிள்ளைகள் பார்க்க விழுந்துவிட்டேன். பெரிய அடி இல்லை. ஆனால் கால் கழன்று ஒரு பக்கம் போய்விட்டது. நான்கைந்து பேர் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். 'ஸ்பேர் பார்ட் கழண்டு போச்சு, வேற ஒண்ணுமில்ல' என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து உட்கார்ந்தபடியேதான் பாடம் நடத்துகிறேன். கரும்பலகைப் பக்கம் போவதில்லை.

கணவர் 'நீ தைரியசாலி, உன்னால முடியும்' என்கிறார். அம்மா கடவுளை நம்பு என்கிறார். வழிபாட்டுக்குப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என் காலைத் தொட்டு அழுதார். இன்னொருவர் 'என்ன பாவமோ' என்றார். அதன்பின் நான் போகவில்லை. வீட்டிலும் கும்பிடுவது நின்றுவிட்டது. அம்மாவிடம் மட்டும் கும்பிட்டேன் என்று பொய் சொல்கிறேன். ராத்திரியில் இல்லாத காலின் பெருவிரல் முறுக்கிக்கொண்டு வலிக்கிறது. பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று இதை யாரிடமும் சொல்லவில்லை.

என் சிரிப்பு, பக்தி, தைரியம் எல்லாமே வேஷம் என்று தோன்றுகிறது. இதெல்லாம் நிஜமாகத் திரும்பி வருமா?

பி.கு.: என் ஒன்பது வயது மகள் தன் தோழிகளை வீட்டுக்குக் கூட்டிவந்து என் காலைக் காட்ட வேண்டும் என்கிறாள். என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம்)

பதில்:

பெயர் வேண்டாம் என்று எழுதிய ஆசிரியைக்கு வணக்கம்.

காலிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் பார்ப்பது மனசு சம்பந்தப்பட்ட வேலைதான். ஆனால் மறுவாழ்வுப் பிரிவில் இருப்பதால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. தன்னம்பிக்கை போய்விட்டது என்று யாராவது வந்து உட்கார்ந்தால், 'சாக்கெட் சரியா இருக்கா?' என்றுதான் முதலில் கேட்பேன். (எஞ்சிய கால் போய் உட்காரும், செயற்கைக் காலின் மேல்பகுதிக் கூடுதான் சாக்கெட்.) வந்தவர் ஒரு மாதிரி பார்ப்பார். பேசப் பேசத்தான், காலையில் கச்சிதமாக இருக்கும் கால் மதியத்துக்கு மேல் லொடலொடவென்று ஆகிவிடுகிறது என்ற விஷயம் வெளியே வரும்.

விழுந்ததில் கால் கழன்று போனது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்காகப் பிடித்திருக்கும் கால் ஒரு சாதாரண விழுதலில் லேசில் கழலாது. எஞ்சிய காலின் பருமன் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. மணிக்கணக்கில் நின்று நடந்தால் சுருங்கும், சாக்கெட்டுக்குள் ஏறி இறங்கும். எஞ்சிய காலின் மேல் கூடுதலாக ஒரு சாக்ஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். வேலைக்கு நடுவில் யார் கழற்றி மாட்டுவது என்றுதான் தள்ளிப்போடுவோம். அது போக, கால் இழந்த முதல் ஒன்றிரண்டு வருடங்களில் எஞ்சிய கால் வற்றிக்கொண்டே வரும். முதலில் செய்த சாக்கெட் பலருக்கு அதற்குள் பெரிதாகிப் போயிருக்கும்.

செருப்பையும் பாருங்கள். செயற்கைப் பாதத்தை ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்குத்தான் அமைத்துத் தருகிறார்கள். அதைவிட உயரமான குதி வைத்த செருப்பு போட்டால் முழங்கால் முன்னே தள்ளும், தட்டையான செருப்பு போட்டால் பின்னே இழுக்கும். விரலளவு வித்தியாசம் போதும். அன்றைக்கு வேறு செருப்பு போட்டிருந்தீர்களா, விழுந்தது காலையிலா மாலையிலா என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் தைரியத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் சாக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். கால் செய்து தந்தவரிடம் போய் 'விழுந்தேன், கழன்றது' என்று அப்படியே சொல்லுங்கள். 'கொஞ்சம் லூஸா இருக்கு' என்று குறைத்துச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது, விழுந்தது. கனடாவில் கால் இழந்தவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. அதில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் ஒரு தடவையாவது விழுந்திருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருப்பதாகவும் சொன்னார்கள். ஆக, செயற்கைக் காலில் நடப்பவர்களுக்கு விழுவது வாழ்க்கையில் நடக்கிற ஒரு விஷயம். உங்கள் நடைப் பயிற்சியில் இதை யாராவது வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், அந்த வராந்தா விழுதலை ஒரு தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

பயத்தின் கணக்கு உங்களுக்குச் சுலபமாகப் புரியும். விழுந்த பயத்தில் நடையைக் குறைக்கிறோம். நடை குறைந்தால் தசை பலம் குறையும், சமநிலை குறையும். அப்புறம் விழும் வாய்ப்பு கூடும். மூன்று மாதமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் உங்கள் இடுப்புத் தசையும் தொடைத் தசையும் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. (உட்கார்ந்து பாடம் நடத்துவதில் எந்தக் கேவலமும் இல்லை. களைப்பாக இருக்கிற நாளில், தோல் புண்ணாகிய நாளில், அல்லது உங்களுக்கு அதுதான் வசதி என்றால் தாராளமாக உட்காருங்கள். பயத்தால் உட்கார்வதைப் பற்றித்தான் பேசுகிறேன்.)

'உன்னால முடியும்' என்று கணவர் சொல்வது ஏன் வேலை செய்யவில்லை என்று உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இலேயே இதைப் பற்றி எழுதினார். ஒரு காரியம் நம்மால் ஆகும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது: நாமே செய்து பார்த்து ஜெயிப்பது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லி ஊக்கப்படுத்துவது, நம் உடம்பு அந்த நேரத்தில் காட்டும் பதற்றமோ நிதானமோ. இதில் பலமானது முதலாவது. வாய்வார்த்தை அந்த அளவுக்குத் தாங்காது. உங்கள் கணவர் பாவம், கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டியது வேறு.

பிசியோதெரபிஸ்டிடம் போய், 'தரையிலிருந்து தனியாக எழுந்திருக்கக் கற்றுக்கொடுங்கள்' என்று கேளுங்கள். இது தனிப் பயிற்சி. சிலருக்கு ஆரம்பத்திலேயே கற்றுத்தருவார்கள், பலருக்கு விட்டுப்போகும். பொதுவாக இப்படி இருக்கும். விழுந்ததும் உடனே எழுந்திருக்க மாட்டீர்கள். அப்படியே உட்கார்ந்து எங்கே வலிக்கிறது, தலையில் பட்டதா, எஞ்சிய கால் அடிபட்டதா என்று பார்ப்பீர்கள். கால் கழன்றிருந்தால் அதை மாட்டுவீர்கள். ஒரு பக்கமாகப் புரண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கனமான நாற்காலியையோ பெஞ்சையோ பிடித்து, நல்ல காலின் பாதத்தை முன்னால் வைத்து, அந்தக் காலில் பாரத்தைப் போட்டு எழுவீர்கள். உங்கள் உடம்புக்கு எது தோது என்று பிசியோ பார்த்துச் சொல்வார். முதலில் மெத்தை விரித்துப் பழகுவார்கள். பல தடவை செய்தபின் அது கைக்கும் காலுக்கும் தெரிந்த வேலையாகிவிடும்.

வீட்டில் இதைப் பழகும்போது கணவர் பக்கத்தில் நிற்கட்டும், கையைக் கட்டிக்கொண்டு. அவருக்கு அதுதான் கஷ்டமான பகுதியாக இருக்கும். அன்புள்ளவர்களால் சும்மா நிற்க முடியாது.

கூடவே ஒரு வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'யாரும் தூக்காதீங்க. அந்த நாற்காலியை இங்க நகர்த்துங்க. ரெண்டு நிமிஷத்துல நானே எழுந்திருப்பேன்.' அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள்பட்டை பிசகலாம், மாட்டாத கால் இன்னும் முறுக்கிக்கொள்ளலாம், தூக்குகிறவரும் உங்களோடு சேர்ந்து விழலாம். ஆனால் ஓடிவருகிறவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது. வேலை சொன்னால் செய்வார்கள். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைக்கும் ஆசிரியைக்கு இந்த வாக்கியத்தைச் சொல்லும் தொனியை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரும்பலகைக்கு அவசரம் இல்லை. வகுப்பு காலியாக இருக்கும் நேரத்தில் போய் ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள். பதற்றம் குறையும் வரை அதையே செய்யுங்கள். அப்புறம் வகுப்பு நடக்கும்போது ஒரே ஒரு கணக்கு. மேஜையைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டால் பிடிமானம் இருக்கும். கைத்தடி வைத்துக்கொள்ளலாமா என்று கூச்சப்படுகிற ஆளாக இருந்தால், வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கூட்டத்தில் அது ஒரு அறிவிப்பு மாதிரி வேலை செய்யும், இடிக்காமல் விலகிப் போவார்கள்.

சரி, ஜோக்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் நெடுநேரம் நின்ற இடம் இதுதான்.

'ஸ்பேர் பார்ட்' நல்ல ஜோக். விழுந்த நிலையில், வலியில், அந்த நேரத்தில் அது உங்களுக்குத் தோன்றியது என்றால் உங்களுக்கு நிஜமாகவே நகைச்சுவை உணர்வு இருக்கிறது. அது வேஷம் என்று நான் நம்பத் தயாரில்லை. ஆனால் அந்த ஜோக் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். பிள்ளைகள் மிரண்டுபோய் நின்றார்கள், சக ஆசிரியர்கள் பதறினார்கள். தரையில் கிடந்தவர் அவர்கள் அத்தனை பேரையும் ஆறுதல்படுத்தினார். அவர்களுக்கு நிம்மதியாகிவிட்டது, கலைந்துபோனார்கள். உங்களுக்கு வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையை நீங்களே எடுத்துவிட்டீர்கள்.

கனடாவைச் சேர்ந்த ராட் மார்ட்டினும் அவரது குழுவினரும் 2003இல் நகைச்சுவைப் பாணிகளை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். அதில் நான்கு வகை. மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பது ஒன்று. கஷ்டத்திலும் தனக்குள் ஒரு வேடிக்கையைக் கண்டு தன்னைத் தேற்றிக்கொள்வது இன்னொன்று. அடுத்தவரைக் குத்துவது மூன்றாவது. தன்னைத் தானே மட்டம்தட்டி அடுத்தவரைச் சிரிக்கவைத்து, உள்ளே இருப்பதை மறைத்துக்கொள்வது நான்காவது. இரண்டாவது வகை அதிகம் உள்ளவர்கள் பொதுவாக மனநிம்மதியோடு இருக்கிறார்கள், நான்காவது வகை அதிகம் உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது அந்த ஆராய்ச்சியில் கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டாவதும் நான்காவதும் ஒன்று போலவே தெரியும். ஒரே ஜோக் ஒரு நாள் அதுவாகவும் இன்னொரு நாள் இதுவாகவும் இருக்கலாம். சொல்லி முடித்தபின் உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் அடையாளம். தோள் தளர்ந்து மூச்சு லேசானதா, கழிவறைக் கதவைத் தேடினீர்களா?

எங்களிடம் வருகிற ஒருவர், உங்களைப் போலவே கால் இழந்தவர், குழுக் கூட்டத்தில் ஒருநாள் சொன்னார்: 'ராத்திரி ரெண்டு மணிக்கு இல்லாத கால் அரிக்குது. சொறியணும்னா எந்த விலாசத்துக்குப் போறது?' அறை முழுக்க வெடிச் சிரிப்பு. அங்கே இருந்த எல்லாருக்கும் அந்த விலாசம் தெரியாத அரிப்பு இருந்தது. அதே ஜோக்கைச் சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் சொல்லியிருக்கிறார். எல்லாரும் முகம் வாடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். 'அவங்களை ஆறுதல்படுத்தவே அரை மணி நேரம் போச்சு மேடம்' என்றார். அதுவும் ஒரு ஜோக்காகத்தான் எங்களுக்குக் கிடைத்தது.

அதனால் ஜோக்கை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் உங்களுக்கு என்ன வேண்டுமோ அது. நாற்காலி, கழன்ற கால், இரண்டு நிமிட அவகாசம். அதெல்லாம் கைக்கு வந்தபின், தோன்றினால், ஜோக். தோன்றாவிட்டால் வேண்டாம். 'வலிக்குது, கொஞ்ச நேரம் இங்கயே உட்கார்ந்திருக்கேன்' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லலாம். சிரித்த முகம் என்ற பட்டத்தை நீங்கள் கேட்டு வாங்கவில்லை. கொடுத்தவர்கள் வருத்தப்பட்டால் படட்டும்.

வழியில் காலைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்கும் இதேதான். 'விபத்து. இப்ப பரவாயில்லை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போகலாம். கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை.

ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் என்பவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், பத்திரிகையாளர், மேடையில் நகைச்சுவை செய்தவர். 2014இல் ஒரு மேடையில் தன் சிறுவயதுச் சம்பவம் ஒன்றைச் சொன்னார். அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, சாதனையாளர் விருதுக்கு உங்கள் பெண்ணின் பெயரைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன் என்றாராம். பெற்றோர், ரொம்ப சந்தோஷம், ஆனால் அவள் எதையும் சாதிக்கவில்லையே என்றார்களாம். பள்ளிக்குப் போகிறாள், நல்ல மார்க் வாங்குகிறாள், தொலைக்காட்சி பார்க்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பெற்றோரை எனக்கு மிகவும் பிடிக்கும். உடல் குறைபாடு உள்ளவர் காலையில் எழுந்து பல் தேய்த்தாலே 'உங்களைப் பார்த்தா எங்களுக்கெல்லாம் தெம்பு வருது' என்று கண்கலங்குகிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தெம்பு தருவதை நம் அன்றாட வேலையாக்கிவிடுகிறார்கள். அந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை.

பக்தி விஷயத்தில் நான் கொஞ்சம் தயங்கித்தான் பேசுவேன், நீங்கள் எந்த மதம் என்று எழுதவில்லை, அது தேவையும் இல்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. உங்கள் சண்டை யாரோடு என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. காலைத் தொட்டு அழுத அம்மாவோடா, பாவம் என்று சொன்னவரோடா, கடவுளோடா?

முதல் இருவரும் மனிதர்கள். அவர்களை மனிதர்களாகவே சமாளிக்கலாம். உங்கள் காலும் உங்கள் உடம்பு. கேட்காமல் தொட்டால் 'தொடாதீங்கம்மா' என்று சொல்ல எந்தப் புனித இடத்திலும் தடை இல்லை. பாவம் என்றவருக்குப் பதிலே சொல்ல வேண்டாம். சாலை விபத்துக்கு வேகம், கவனக்குறைவு, மோசமான சாலை என்று காரணங்கள் உண்டு. அந்தப் பட்டியலில் உங்கள் ஒழுக்கம் வராது. அப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு அது நேராது என்று தங்களையே சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். அவர் பாவம் செய்யவில்லை, அதனால் அவர் கால் பத்திரம். அவ்வளவுதான் அந்தப் பேச்சின் சாரம்.

அந்த வார்த்தை உங்களுக்குள் இறங்கியிருந்தால்தான் கவனிக்க வேண்டும். மதமும் மனநலமும் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த கென்னத் பார்கமென்ட், நம்பிக்கை இரண்டு விதமாகவும் வேலை செய்யும் என்று காட்டியிருக்கிறார். துணையாக இருக்கிறார் என்று கடவுளைப் பார்க்கிறவர்களுக்கு அது பலம். தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்ற எண்ணத்திலேயே சிக்கிக்கொள்கிறவர்களுக்கு அதே நம்பிக்கை சுமையாகிறது, உடல்நிலையைக்கூடப் பாதிக்கிறது. அம்மா சொல்கிற மாதிரி வெறுமனே 'நம்பு' என்றால் போதாது, எப்படிப்பட்ட கடவுளை என்ற கேள்வி இருக்கிறது.

கடவுளோடுதான் சண்டை என்றால், சண்டை போடுங்கள். பழைய பழக்கம்தான் அது. கண்பார்வை போன சுந்தரர், 'நன்றாக வாழ்ந்து போங்கள்' என்று தன் இறைவனிடமே கசந்து பாடியவர். அந்தப் பாட்டை இன்றும் பக்தியோடுதான் பாடுகிறார்கள், யாரும் அவரைப் பக்தி இல்லாதவர் என்று சொல்வதில்லை. (பார்வை போனதைத் தண்டனை என்று அந்தக் கதை சொல்கிறது. அந்தப் பகுதி எனக்கு உவப்பில்லை. சண்டைதான் பிடிக்கும்.) பைபிளில் வரும், எல்லாம் இழந்த யோபுவும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை, நியாயம் கேட்டார். கோபமாகப் பேசுகிறவர் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறார் என்றுதான் பொருள்.

பேசவே தோன்றவில்லை என்றால் அதுவும் சரி. நம்பிக்கை திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. கடவுள் நம்பிக்கையோடு நிம்மதியாக இருக்கிற மாற்றுத்திறனாளிகளையும் தெரியும், அது இல்லாமல் நிம்மதியாக இருக்கிறவர்களையும் தெரியும். உங்களை அரிப்பது கும்பிடாதது அல்ல, பொய் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்களேன்: 'இப்ப எனக்குக் கும்பிட வரலம்மா. எனக்கும் சேர்த்து நீ கும்பிட்டுக்கோ.' பல அம்மாக்கள் இதை மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

ராத்திரி வலிக்கு வருகிறேன். உங்களுக்குப் பைத்தியம் இல்லை. உறுப்பு இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இல்லாத உறுப்பு இருப்பது போன்ற உணர்வு வருகிறது, பலருக்கு வலியும். அமெரிக்க மருத்துவர் சைலஸ் வெயர் மிச்செல் 1871இலேயே இதற்கு 'பேன்டம் லிம்ப்' என்று பெயர் வைத்துவிட்டார். காலில் இருந்து சேதி வருவது நின்றாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது, நறுக்கப்பட்ட நரம்பு முனைகளும் சும்மா இருப்பதில்லை. 1797இல் வலது கையை இழந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன், கை போன பின்னும் அது இருப்பதாக உணர்ந்ததை ஆன்மா இருப்பதற்கே சாட்சி என்றாராம். அப்படி ஒரு கதை உண்டு. உங்கள் அம்மாவுக்கு இது பிடிக்கலாம்.

இதற்கு மருந்துகள் இருக்கின்றன. கண்ணாடி சிகிச்சையும் உண்டு. 1990களில் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்தது. நல்ல காலைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கால் அசைவதாக மூளைக்குக் காட்டுவார்கள். எல்லாருக்கும் ஒரே அளவுக்குப் பலன் தராது, ஆனால் முறுக்கிக்கொண்ட விரல் நிமிர்ந்தது போன்ற உணர்வு சிலருக்கு வருகிறது. உங்கள் மருத்துவரிடம் வலியை வலி என்றே சொல்லுங்கள். தூக்கம் கெட்டவருக்குப் பகலில் தைரியம் எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனசு கனத்தே இருந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் மாறிப்போயிருந்தால், கடிதத்தோடு நிறுத்தாதீர்கள். நேரில் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே பாருங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு.

நிஜமாகத் திரும்பி வருமா என்று கேட்டீர்கள். 1999இல் அமெரிக்காவில் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்களிடம் பேசியபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாகவோ மிக நன்றாகவோ இருக்கிறது என்றார்கள். வெளியே இருந்து பார்க்கிறவர்களால் நம்ப முடியாத பதில் இது. அவர்கள் எல்லாரும் வீராதி வீரர்கள் அல்ல. மோசம் என்று சொன்னவர்களைப் பார்த்தால், வலியும் களைப்பும் தன் உடம்பு தன் வசத்தில் இல்லை என்ற உணர்வும்தான் அதிகம் தெரிந்தது. உங்கள் மூன்று மாதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். ராத்திரி வலி இருக்கிறது, தளர்ந்த சாக்கெட் இருக்கலாம், கேட்காமல் தூக்கினார்கள், கேட்காமல் தொட்டார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஏதாவது செய்ய முடியும். அதனால்தான் காலிலிருந்து ஆரம்பித்தேன்.

முடிந்தால் உங்களைப் போல் கால் இழந்து பல வருடம் ஆன ஒருவரோடு பேசுங்கள். மறுவாழ்வு மையங்களில் கேட்டால் அறிமுகப்படுத்துவார்கள். எங்கே எந்த சாக்ஸ், வியர்வைக்கு என்ன செய்வது, மழையில் எப்படி நடப்பது என்று அவர்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. ஜோக்குகளும் அங்கேதான் நன்றாக இருக்கும்.

கடைசியாக உங்கள் மகள். அவளுக்கு உங்கள் கால் வெட்கப்படுகிற விஷயமாகப் படவில்லை, பெருமையாகக் காட்டுகிற பொருளாகப் படுகிறது. அதற்காக நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 'இந்த வாரம் வேண்டாம்டா, எனக்குத் தோணும்போது சொல்றேன்' என்றால் ஒன்பது வயதுக்கு அது புரியும். அம்மாவின் உடம்பைப் பற்றி அம்மாதான் முடிவு செய்வாள் என்பது அவள் தன் உடம்புக்கும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். சம்மதம் வந்தால், முதலில் எதைக் காட்டுவது, எதைக் காட்டக் கூடாது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக் காலை மட்டும் காட்டலாம், எஞ்சிய காலைக் காட்ட வேண்டியதில்லை. லைனரை (சாக்கெட்டுக்குள் போகும் முன் எஞ்சிய காலில் போடும் மெத்தென்ற உறை) எப்படிச் சுருட்டி மாட்டுவது என்று அவளே விளக்கட்டும். அந்த வயதுப் பிள்ளைகள் அழ மாட்டார்கள், பாவம் என்று சொல்ல மாட்டார்கள். கால் எத்தனை கிலோ, தண்ணீரில் மிதக்குமா, இதை வைத்து யாரையாவது உதைக்க முடியுமா என்று கேட்பார்கள். பேட்டரி எங்கே என்று ஒருத்தி நிச்சயம் கேட்பாள். பேட்டரி கிடையாது என்று தெரிந்ததும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.